மேல் பல்லும் இடது கண்ணும்

எங்கள் பெரியப்பாவின் இடது கண்ணைக் கெடுத்தது ஒரு பல். இதைச் சொன்னவர் பெரியப்பாவேதான். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் ஒருவர் பாய் விரித்து, அதுவரை பிடுங்கிய பற்களையெல்லாம் புளியங்கொட்டை போல அதில் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அவரிடம் போய்ப் பெரியப்பா வாயைத் திறந்திருக்கிறார். இடது பக்கத்து மேல் கடைவாய்ப் பல் ஒன்று அந்தக் குவியலில் சேர்ந்தது. பிறகு சில வருஷங்கள் கழித்து அதே பக்கத்துக் கண்ணில் பால் ஊற்றியதுபோல் வெள்ளை படர்ந்தது. இடையில் போன வருஷங்களைப் பெரியப்பா கணக்கில் சேர்ப்பதில்லை.

"மேல் பல்லோட நரம்பு நேரா கண்ணுக்குப் போவுதுடா. பல்ல இழுத்தா கண்ணும் கூடவே வந்துடும்" என்பார். சொல்லும்போது கன்னத்தில் விரலை வைத்துப் பல்லிலிருந்து கண்வரைக்கும் ஒரு கோடு இழுத்துக் காட்டுவார். கரண்டு கம்பி எந்த வழியாகப் போகிறது என்று காட்டும் லைன்மேன் மாதிரி இருக்கும்.

எனக்கு ஆறாம் வகுப்புப் படிக்கும்போது பல் கெட்டது. அதே இடது பக்கம், அதே மேல் வரிசை. கடவுளுக்கு என்மேல் தனிப்பட்ட கவனம் இருந்திருக்க வேண்டும்.

கமர்கட்டுதான் காரணம் என்றாள் அம்மா. பல்லில் விழுந்த குழிக்குள் நாக்கு நுனி போய்த் திரும்பி வர இடம் இருந்தது. சோறு தின்றால் வலி, தண்ணீர் குடித்தால் வலி, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வலி. ஆனால் பல்லைப் பிடுங்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த நொடியே வலி நின்றுவிடும். கன்னத்தை இரண்டு கையாலும் தட்டிக் காட்டுவேன். தட்டிய பிறகு கிணற்றடிக்குப் போய் யாருக்கும் தெரியாமல் அழுவேன்.

அப்போது எங்கள் ஊரான செஞ்சியில் தினமும் பார்க்கும் பல் டாக்டர் கிடையாது. சந்தை நாளில் திண்டிவனத்திலிருந்து ஒரு லேடி டாக்டர் பஸ்ஸில் வருவார். மருந்துக் கடைக்கு மேலே ஒரு மாடி அறையில், காலால் மிதித்தால் உயரும் நாற்காலியை வைத்துக்கொண்டு பார்ப்பார். முதல் முறை நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) என்னை அங்கே கூட்டிப் போனபோது மாடிப்படியில் பாதிவரை ஏறிவிட்டு, எனக்கு முன்னால் போனவர் உள்ளே போட்ட சத்தத்தைக் கேட்டுத் திரும்பி ஓடினேன். அடுத்த சந்தைக்கு, வீட்டிலிருந்தே ஓடிக் கோட்டைக்குள் போய்ப் பழைய நெற்களஞ்சியத்தில் ஒளிந்துகொண்டேன். செஞ்சியில் ஒளிந்துகொள்வதற்கு ராஜாக்களே இடம் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் படையெடுப்புக்குப் பயந்து ஒளிந்தவர்கள் யாரும் பல்வலியோடு ஒளிந்திருக்க மாட்டார்கள். அந்தக் கட்டடத்தில் லேசாக முனகினாலும் மேல் கூரையில் பட்டு ஊருக்கே கேட்கும். நைனா சிரமமே இல்லாமல் கண்டுபிடித்தார். அதற்குள் டாக்டர் பஸ் ஏறிவிட்டிருந்தார்.

நைனாவுக்குத் திருவண்ணாமலை ரோட்டில் சைக்கிள் கடை. வாடகைக்கும் விடுவார், பஞ்சரும் ஒட்டுவார். அவரிடம் எப்போதும் இரண்டு வாசனைகள் இருக்கும். ஒன்று, பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை. இன்னொன்று, கிராம்பு. சிலருக்கு வெற்றிலை, சிலருக்குப் பீடி, எங்கள் நைனாவுக்குக் கிராம்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன். பேசும்போதுகூட வலது கன்னத்தில் ஒன்றை ஒதுக்கி வைத்திருப்பார்.

மூன்றாவது சந்தைக்கு எனக்குக் கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்துவிட்டது. ஓடத் தெம்பில்லை. நைனா என் மணிக்கட்டைப் பிடித்தபடியே மாடி ஏறினார். உள்ளே டாக்டர் கையில் ஒரு சின்னக் கண்ணாடியோடு நின்றார். நாற்காலியைப் பார்த்ததும் எனக்குப் பெரியப்பாவின் வெள்ளைக் கண் நினைவுக்கு வந்தது. அது என்னைப் பார்த்து, வா வா என்றது.

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை உதித்தது.

"நீ மொதல்ல புடுங்கிக்கோ நைனா. நான் பாக்கறேன். அப்புறமா நான் புடுங்கிக்கிறேன்."

இதில் இருந்த சூழ்ச்சியை நீங்கள் கவனிக்க வேண்டும். நல்ல பல்லை எந்த டாக்டரும் பிடுங்க மாட்டார். ஆகவே நைனாவால் பிடுங்கிக்கொள்ள முடியாது. ஆகவே நானும் பிடுங்கிக்கொள்ள வேண்டியதில்லை. இப்படியொரு மூளையோடு நான் ஏன் வக்கீலாகப் போகவில்லை என்று இன்றைக்கும் யோசிப்பதுண்டு.

நைனா என்னைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். கன்னத்தில் ஒதுக்கியிருந்த கிராம்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ரப்பர் செருப்போடு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து வாயை 'ஆ'வென்று திறந்தார். டாக்டர் எட்டிப் பார்த்து, ஏதோ கம்பியால் கீழ்ப் பல் ஒன்றைத் தொட்டார். நைனாவின் தோள் தூக்கிப் போட்டது.

"இதை எப்படிங்க இவ்வளவு நாள் வெச்சிருந்தீங்க?" என்றார் டாக்டர். "அடியில சீழ் கட்டியிருக்கு. மேல் பல்லுன்னா பரவால்ல, கீழ்ப் பல்லுக்கு இந்த நிலைமைல ஊசி போட்டாலும் சரியாப் பிடிக்காது. மாத்திரை எழுதித் தரேன். சீழ் வத்தினப்புறம் வாங்க, எடுத்துடலாம்."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. நைனாவுக்கு இன்று இல்லை என்றால் எனக்கும் இல்லை. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். நான் வாசற்படிவரை போய், "வா நைனா, போலாம்" என்று கூப்பிடவும் செய்தேன்.

நைனா நாற்காலியில் படுத்தபடியே தலையை மட்டும் திருப்பி நான் நின்ற இடத்தைப் பார்த்தார்.

"இன்னைக்கே எடுத்துடுங்க டாக்டர்."

"வலிக்குங்க."

"பரவால்ல, எடுத்துடுங்க. பையன் பாத்துனு இருக்கான்."

நான் ஓடிவிடாமல் இருக்கத்தான் அவர் என்மேல் ஒரு கண் வைத்திருக்கிறார் என்று புரிந்துகொண்டேன். என் சொல்லுக்கு மரியாதை இல்லையே என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது.

டாக்டர் ஊசி போட்டார். கொஞ்ச நேரம் பொறுத்து, "உதடு தடிச்சாப்ல இருக்கா? நல்லா மரத்துப் போச்சா?" என்று கேட்டார். நைனா டாக்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். டாக்டர் குறடை எடுத்தார். எங்கள் கடையில் வால்வு கழற்ற வைத்திருக்கும் குறடுக்கு அது பணக்காரத் தம்பி மாதிரி பளபளவென்று இருந்தது.

நைனாவிடமிருந்து சத்தமே இல்லை. நாற்காலியின் கைப்பிடிதான் கிறீச்சிட்டது. ஒரு செருப்பு கழன்று கீழே விழுந்தது. அதை எடுத்து மாட்டிவிடலாமென்று குனிந்தேன். கால் விரல்களெல்லாம் உள்பக்கமாக மடங்கி இறுகியிருந்தன. செருப்பு நுழையவில்லை. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் அதைக் கண்டேன். நைனாவின் வலது கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி, காதோரமாக ஓடிச் சட்டைக் காலருக்குள் போய்க்கொண்டிருந்தது.

பிடுங்கிய பல்லும் வலது பக்கம்!

பெரியப்பா சொன்ன நரம்பு வேலை செய்வதை நேரிலேயே பார்த்துவிட்டேன். கீழ்ப் பல்லை இழுத்தாலே கண்ணில் இவ்வளவு தண்ணீர் என்றால், கண்ணுக்கு நேர் கீழே இருக்கும் மேல் பல்லை இழுத்தால் என்ன ஆகும்? தண்ணீரோடு நிற்குமா?

நைனா எழுந்தார். வாயில் பஞ்சைக் கடித்தபடி, துண்டால் முகம் முழுவதையும் ஒரு துடை துடைத்துவிட்டு, "ஒன்னுமே இல்லடா. எறும்பு கடிச்சா மாதிரிகூட இல்ல" என்றார். பிறகு என்னைத் தூக்கி நாற்காலியில் வைத்தார்.

என் பல் வெளியே வந்த கதையை உள்ளபடியே சொல்கிறேன். டாக்டர் கை கழுவக் குழாயைத் திறந்தபோதே நான் அலற ஆரம்பித்துவிட்டேன். கீழே மருந்துக் கடைக்கு வந்தவர்கள், மாடியில் யாருக்கோ பிரசவம் என்று நினைத்து ஏறி வந்தார்கள். "நான் இன்னும் கையே வைக்கலையே கண்ணா" என்றார் டாக்டர். ஊசி குத்தியது வாஸ்தவம். அதன் பிறகு என் கன்னம் வேறு யாருடையதோ ஆகிவிட்டது. குறடு உள்ளே போனது. மண்டைக்குள் யாரோ தாழ்ப்பாளைத் திறந்ததுபோல் 'கடக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வலியே இல்லை. அந்தக் கட்டத்துக்கென்று பெரியதாக ஒரு அலறலைத் தயாராக வைத்திருந்தேன். வீணாகப் போகக் கூடாதென்று அதையும் அலறித் தீர்த்தேன்.

"கண்ணு இருக்குதா?" என்பதுதான் நான் கேட்ட முதல் கேள்வி.

டாக்டருக்குப் புரியவில்லை. நைனா பஞ்சுக்கு நடுவில் பெரியப்பாவின் வரலாற்றைச் சொன்னார். டாக்டர் சிரித்துவிட்டார். பல்லுக்கும் பார்வைக்கும் சம்பந்தமில்லை, பெரியப்பாவுக்கு இருப்பது கண்புரையாக இருக்கும், வயதானால் வருவது, அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்றார். நான் நம்பவில்லை. அவர் படித்தவர்தான். ஆனால் பெரியப்பா அனுபவித்தவர் அல்லவா? நானோ கண்ணால் கண்டவன்.

கிளம்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சில விஷயங்கள் சொன்னார். பஞ்சை இறுக்கிக் கடிக்க வேண்டும். எச்சிலைத் துப்பாமல் விழுங்க வேண்டும். எதையும் உறிஞ்சக் கூடாது. குழியில் ரத்தம் உறைந்தால்தான் புண் ஆறும், துப்பினால் அது கலைந்து மறுபடியும் ரத்தம் வரும். நான் பொறுப்பாகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். ரத்தம் நின்றுவிட்டதா என்று பார்ப்பதற்காக முதல் விளக்குக் கம்பத்தடியில் துப்பினேன். நிற்கவில்லை. அடுத்த கம்பத்தில் துப்பினேன். அங்கேயும் நிற்கவில்லை. வீடுவரைக்கும் எல்லாக் கம்பத்திலும் பரிசோதித்துக்கொண்டே போனேன். ரத்தம் ஏன் நிற்கவே மாட்டேன் என்கிறது என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

வாசலில் அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆளுக்கொரு கன்னம் உப்பி, ஆளுக்கொரு பஞ்சைக் கடித்துக்கொண்டு நின்றோம்.

"பையனுக்குப் புடுங்கக் கூட்டினு போனவரு தனக்கும் புடுங்கினு வந்து நிக்கிறீங்களே! லேடி டாக்டரப் பாத்ததும் வாயத் தொறந்துட்டீங்களா?"

நைனா பஞ்சைக் கடித்தபடியே கையை மேலே தூக்கிக் கடவுளைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வேலை, கண்ணைச் சோதிப்பது. வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல்மேல் ஏறி நின்றால் கோட்டை இருக்கும் ராஜகிரி மலை நேராகத் தெரியும். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்ப்பேன். உச்சியில் இருக்கும் கட்டடம் தெரிந்தால் இன்னும் பார்வை இருக்கிறது என்று அர்த்தம். இறங்கிப் போய்க் கஞ்சி குடித்துவிட்டு மறுபடியும் வந்து ஏறுவேன். அக்கா தானாகவே முன்வந்து உதவினாள். எட்டி நின்று விரலைக் காட்டுவாள்.

"எத்தினி?"

"மூணு."

"அய்யய்யோ, நாலுடா! நல்லாப் பாரு!"

பார்த்தால் நாலாகத்தான் இருக்கும். நான் பதில் சொன்னதும் அவள் இன்னொரு விரலை நீட்டிவிடுகிறாள் என்பது எனக்குத் தெரியாது. பிற்பாடு அவள் டீச்சரானாள். சின்ன வகுப்புக்கு விரல் விட்டுக் கணக்குச் சொல்லித் தருகிறாள் என்று கேள்விப்பட்டபோது அந்தப் பிள்ளைகளை நினைத்து வருத்தப்பட்டேன்.

மறுநாள் கன்னத்து வீக்கம் மேலே ஏறி, கீழ் இமை உப்பிக்கொண்டது. இடது கண் பாதிதான் திறந்தது. பெரியப்பா வந்து என் தாடையைத் தூக்கிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "எனக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சது" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்.

அதற்கடுத்த நாள் விடிந்ததும் துவைக்கும் கல்மேல் ஏறினேன். ராஜகிரி இல்லை.

இடது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். இல்லை. வலது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். இல்லை. இரண்டையும் திறந்து வடக்கே கோட்டையின் இன்னொரு மலையான கிருஷ்ணகிரியைத் தேடினேன். அதுவும் இல்லை. எங்கும் வெள்ளை. பெரியப்பாவின் கண்ணில் இருந்த அதே பால் வெள்ளை.

"அம்மா! கோட்டயக் காணோம்!"

வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மா, "கோட்டய யார்ரா தூக்கினு போவாங்க? மூடுபனிடா அது" என்றாள்.

"பூடுச்சு! ரெண்டு கண்ணும் பூடுச்சு! எல்லாரும் சேந்து என்னக் குருடாக்கிட்டீங்க!"

கண்ணில்லாதவன் எப்படி நடப்பானோ அப்படிக் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு, வாசற்படியையும் தண்ணீர்க் குடத்தையும் படுத்திருந்த நாயையும் சரியாகத் தாண்டி, தெருவுக்கு ஓடி வந்து புரண்டு அழுதேன். அம்மா போட்ட கோலத்தைக்கூட மிதிக்காமல் சுற்றி வந்திருக்கிறேன் என்று அக்கா பிறகு சொன்னாள். அப்போது எனக்கு அது தோன்றவில்லை. பனி என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மார்கழிப் பனியை நானும் பார்த்திருக்கிறேன். மாட்டை மறைக்கும், தென்னை மரத்தை மறைக்கும். கோட்டையை மறைக்குமா?

நைனா வெளியே வந்தார். என்னைவிட அவருக்குத்தான் வீக்கம் அதிகம். வலது கன்னம் பன் ரொட்டி போல உப்பியிருந்தது. தாடை இறுகிப் போய், மாத்திரை நுழைகிற அளவுக்குத்தான் வாய் திறந்தது. அதனால் அவர் எதையும் விளக்கிச் சொல்லவில்லை. வாடகை சைக்கிள் ஒன்றை எடுத்தார், என்னைத் தூக்கி முன் பாரில் உட்கார வைத்தார், மிதித்தார்.

பனிக்குள் போனோம். எதிரில் ஒரு பஸ் வந்தது, அது மஞ்சளாக ஒரு கறை மாதிரிதான் தெரிந்தது. சிங்கவரத்துப் பால்காரர் கேனோடு எங்கிருந்தோ முளைத்து எங்கேயோ மறைந்தார். நான் விசும்பிக்கொண்டே இருந்தேன். நைனாவின் மூச்சு என் உச்சந்தலையில் சூடாகப் பட்டது. கிராம்பு வாசனை வரவில்லை, மருந்து வாசனை வந்தது. ரொம்ப தூரம் போனோம். திடீரென்று முன் சக்கரத்துக்கு எதிரே, கறுப்பாக, வானம்வரைக்கும் ஏதோ எழும்பி நின்றது.

நைனா இறங்கினார். என் கையைப் பிடித்து அதன்மேல் அழுத்தி வைத்தார். கோட்டைச் சுவர். பனி இறங்கி ஈரமாக, சில்லென்று இருந்தது. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு தொட்டேன். மறு கண்ணைப் பொத்திக்கொண்டும் தொட்டேன். இரண்டு கண்ணுக்கும் கல் தெரிந்தது. கல்லின்மேல் போய்க்கொண்டிருந்த எறும்பும் தெரிந்தது.

வெயில் ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். முதலில் மலையின் இடுப்பு வந்தது, பிறகு தோள், கடைசியில் உச்சியில் அந்தக் கட்டடம். ஒன்றும் நடக்காததுபோல இருந்த இடத்திலேயே இருந்தது. நைனா பாதி முகத்தால் சிரித்தார். மறு பாதி சிரிக்க மறுத்தது. பக்கத்து டீக்கடையில் ஆளுக்கொரு பன்னை வாங்கிப் பாலில் ஊற வைத்துக் கொடுத்தார். நான் வலது பக்கம் மென்றேன், அவர் இடது பக்கம் விட்டு விழுங்கினார். அதைப்போல ஒரு காலைப் பலகாரத்தை நான் இன்னும் தின்னவில்லை.

பெரியப்பாவுக்குச் சில வருஷம் கழித்து ஒரு கண் முகாமில் புரை எடுத்தார்கள். நன்றாகத் தெரிந்தது. "நரம்பு தானா சரியா பூடுச்சு" என்றார். கடைசிவரை அதிலிருந்து இறங்கி வரவில்லை.

போன வருஷம் எனக்குக் கீழ்ப் பல் ஒன்றில் சீழ் கட்டியது. விழுப்புரத்தில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். என் பையன் வயதுதான் இருக்கும். மாத்திரை சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். ஆபீசில் லீவு இல்லை, இன்றைக்கே எடுங்கள் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஊசி போட்டார். "மரத்துப் போச்சா சார்?" என்றார். அவசரத்தில் தலையாட்டினேன். குறடு பல்லைப் பிடித்துத்தான் இருக்கும், இழுக்கக்கூட இல்லை, கருவித் தட்டு ஒரு பக்கம் பறக்க, நான் அலறிக்கொண்டு எழுந்து நின்றேன். வெளியே காத்திருந்தவர்களில் இரண்டு பேர் கிளம்பிப் போய்விட்டதாகக் கேள்வி.

"நான்தான் சொன்னேனே சார்" என்றார் அந்தப் பிள்ளை. "சீழ் இருந்தா ஊசி பிடிக்காது. இதை யாராலயும் தாங்க முடியாது."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் குனிந்து பார்த்தேன். என் கால் விரல்கள் உள்பக்கமாக மடங்கியிருந்தன.

நைனாவுக்கு இப்போது வாய் முழுக்கப் பல் செட்டு. வீட்டுக்குப் போய், அன்றைக்கு ஊசி பிடித்ததா இல்லையா என்று கேட்டேன். "எந்த ஊசி? எனக்கு ஒன்னும் ஞாபகமில்லையே" என்று சொல்லிவிட்டு முறுக்கைப் பாலில் நனைத்தார். மரத்துப் போச்சா என்று டாக்டர் கேட்டபோது தலையாட்டிய அதே முகம்.

ஆனால் அந்தப் பனிக் காலையில், பன் தின்று முடித்த நான், என் கண்ணைப் பற்றிய கவலை தீர்ந்துபோய், பெரிய மனது பண்ணி அவர் கண்ணைப் பற்றி விசாரித்தேன்.

"நைனா, பல்லு புடுங்கசொல்ல உன் கண்ணுல தண்ணி வந்துச்சே. உனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதா?"

நைனா டம்ளரைக் கீழே வைத்தார். "தெரியுது, ஏறு" என்றார், பல்லைத் திறக்காமல்.

எனக்குத் திருப்தி இல்லை. கீழ்ப் பல்தான் என்றாலும் நரம்பு நரம்புதானே? ஒரு கண் மங்கிய மனிதர் சைக்கிள் மிதிக்கிறார், நான் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே வீடு வரும்வரைக்கும் எதிரில் வருவதையெல்லாம் அவருக்கும் சேர்த்து நானே பார்த்து, உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன். மாடு நைனா. பள்ளம் நைனா. பஸ்ஸு வருது நைனா.

ஒவ்வொன்றுக்கும் அவர் மறக்காமல் மணி அடித்தார்.